பாக்கி அறுபது டாலர்

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்குப் பல்லடத்தில் தாராபுரம் பஸ் ஏறியிருக்கிறீர்களா? ஒற்றைக் காலில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். ஆனாலும் முகத்தைச் சுளிக்கிற ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். எல்லார் சட்டைப் பையிலும் வாரக் கூலி இருக்கும். குழந்தைகளுக்கு வாங்கிய மிக்சர் பொட்டலம் மடியில் இருக்கும். அந்த பஸ்ஸில்தான் எங்கப்பாவும் குண்டடத்தில் வந்து இறங்குவார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "என்ன கஷ்டமா இருந்தாலுஞ் செரி சாமி, வேலை செஞ்சவனுக்கு சனிக்கெழம கூலி குடுத்தறோணும். அவன் கூலிய நிறுத்தி வெச்சுப்போட்டு நாம சோறு திங்கப்படாது."

அந்தச் சட்டத்தை நான் மீறியிருக்கிறேன். கையில் பணம் இருந்தது. கொடுக்க மனசும் இருந்தது. ஆனால் கொடுக்க விடவில்லை. யார் விடவில்லை என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கதை அக்காவின் லேப்டாப்பில் ஆரம்பிக்கிறது.

எல்லாரும் அழித்தார்கள், நான் மாட்டிக்கொண்டேன்

2012-ல் அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் வந்தது. அதில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்று இன்னொன்றும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. அக்காவின் வகுப்பில் எல்லாரும் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றினார்கள். எங்கள் வீட்டில் வைரஸ் வந்து விண்டோஸ் படுத்துக்கொண்டது. சரி பண்ண தாராபுரம் போக வேண்டும், ஐந்நூறு ரூபாய் ஆகும். அதனால் எனக்குக் கிடைத்தது பாஸ் மட்டும்தான். அப்படித்தான் ஓப்பன் சோர்ஸுக்குள் விழுந்தேன்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன? எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பனியனை விற்கும்போது அதன் பேட்டர்னையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. நீங்கள் அளவை மாற்றலாம், கழுத்தை மாற்றலாம், தைத்து அடுத்தவருக்கும் தரலாம். உங்கள் திருத்தத்தையும் பேட்டர்னோடு சேர்த்து அனுப்பலாம்.

காலேஜ் முடித்த வருஷம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினோம். பத்துப் பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கும் பவர்டேபிள் யூனிட்டுகளுக்கான பீஸ் ரேட் கணக்கு. ஓவர்லாக் இத்தனை பீஸ், பேட்லாக் இத்தனை பீஸ் என்று தட்டினால், சனிக்கிழமை ஒவ்வொருத்தருக்கும் தமிழில் சீட்டு வரும். கோடை 2021-ல் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டோம்.

வந்தது சிக்கல். திரையில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ், அச்சடித்தால் உடைந்தது. 'கொடுவாய்' என்ற ஊர்ப் பெயரில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம்! மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகு ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து திருத்தம் வந்தது. நாங்கள் பயன்படுத்திய பி.டி.எஃப். பகுதியையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியிருந்தார். அச்சடித்துப் பார்த்தேன். 'கொடுவாய்' முத்து முத்தாக வந்தது.

அவர் ஈரான்காரர். எங்கள் வயசுதான், மாணவர். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. "உடைந்த எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. எங்கள் பாரசீகமும் இப்படித்தான் உடையும்" என்று எழுதியிருந்தார்.

உங்கள் போனில் இருக்கும் ஈரான்காரர்

இதில் ஒரு சேதி இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'கொ' என்று தட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு அது 'க' என்ற ஒரு குறியும் 'ொ' என்ற இன்னொரு குறியும் மட்டும்தான். பின்னாடி வரும் குறியை இரண்டாகப் பிரித்து, பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் போடுகிற வேலையை யாரோ செய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ்... எல்லாவற்றிலும் அதுதான் எழுத்தை அடுக்குகிறது. பெயரே பாரசீகம்: ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்த. அதை உருவாக்கி வளர்த்தவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறியவர்.

நாம் தமிழில் அனுப்பும் ஒவ்வொரு 'கோபமா?' மெசேஜுக்குப் பின்னாலும் ஓர் ஈரான்காரரின் உழைப்பு இருக்கிறது பாஸ்! நம் நண்பர் எங்கள் மென்பொருளில் மாட்டியதும் அதே ஹார்ஃப்பஸ்தான்.

பணம் போகவில்லை

2022-ல் ஒரு போட்டியில் எங்கள் மென்பொருளுக்குப் பரிசு கிடைத்தது. பிரித்தால் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் வரும். ஈரான் நண்பருக்கும் ஒரு பங்கு என்று மூன்று பேரும் ஒரே குரலில் முடிவு பண்ணினோம். அன்றைய கணக்கில் சுமார் அறுபது டாலர். அவருக்கு நேரடியாக அனுப்ப எந்த ஆப்பிலும் வழி இல்லை. துருக்கியில் படிக்கும் உறவினர் ஒருவரின் விவரத்தைக் கொடுத்தார்.

நான் பண்ணிய காரியம் என்ன தெரியுமா? பணம் அனுப்பும் நிறுவனத்தின் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் நேர்மையாக எழுதினேன்: "ஈரான் நண்பரின் மென்பொருள் வேலைக்குக் கூலி." இரண்டே நாளில் என் கணக்கு முடங்கியது. விளக்கம் கேட்டு மெயில், அடையாள அட்டை நகல் கேட்டு மெயில், கடைசியில் ஒரு வரி: விதிமுறைகளின்படி இந்தப் பரிவர்த்தனையைச் செய்ய இயலாது. பணம் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

ஃப்ரெண்ட் ஒருத்தன், "எங்க மாமா துபாய்ல இருக்காருடா, கைமாத்தி குடுத்தரலாம்" என்றான். ஈரான் நண்பரே மறுத்துவிட்டார். "அறுபது டாலருக்காக உங்கள் மேல் ஒரு கறை விழ வேண்டாம். என் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கட்டும்."

ஏன் இப்படி?

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பொருளாதாரத் தடை என்றால் கப்பலை நிறுத்துவது, எண்ணெயை நிறுத்துவது என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்க நிதித்துறையில் ஓஃபாக் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. யாரோடு வரவு செலவு வைக்கக் கூடாது என்ற பட்டியலும், எந்த நாட்டோடு வைக்கக் கூடாது என்ற விதிகளும் அதன் கையில். அமெரிக்க நிறுவனங்களுக்கு இது கட்டாயம். மீறினால் அபராதம் கோடிக்கணக்கில். உலகில் பணம் போகிற வழியும் கோடு தங்குகிற சர்வர்களும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களிடம் இருப்பதால், குண்டடத்தில் இருக்கும் எனக்கும் அந்தச் சட்டம் வந்து சேர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்ட கோடு பெரும்பாலும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வராது. இதற்கே ஒரு பழைய கதை உண்டு. 1990-களில் மறைகுறியீட்டு மென்பொருளை அமெரிக்கா ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. ஃபில் ஸிம்மர்மன் என்பவர் எழுதிய பி.ஜி.பி. மென்பொருள் வெளிநாடு போனது என்று அவர் மேல் விசாரணை நடந்தது. 1995-ல் அந்தக் கோடு முழுவதையும் எம்.ஐ.டி. பிரஸ் புத்தகமாக அச்சடித்தது. ஆயுதத்தைத் தடுக்கலாம், புத்தகத்தை எப்படித் தடுப்பது? பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் மறுபடி மென்பொருள் ஆக்கிவிடலாம். 1996-ல் விசாரணை கைவிடப்பட்டது.

ஆக, கோடுக்குச் சுதந்திரம் உண்டு. கோடு குடியிருக்கிற வீட்டுக்கும் எழுதினவருக்குச் சேர வேண்டிய கூலிக்கும்தான் இல்லை. 2019 ஜூலையில் கிட்ஹப் தளம் ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்தவர்களின் தனிப்பட்ட கிடங்குகளை மூடியது. பொதுக் கிடங்குகள் மட்டும் தப்பின. ஈரானுக்கு முழுமையாகத் திறந்துவிட கிட்ஹப் அமெரிக்க அரசிடம் உரிமம் கேட்டு வாங்கி, 2021 ஜனவரியில்தான் அறிவித்தது. ஒன்றரை வருஷம்!

நம் நாடு என்ன செய்தது தெரியுமா? ஈரானிடம் எண்ணெய் வாங்க 2012-ல் கொல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாய்க் கணக்கு திறந்து வழி கண்டுபிடித்தது. கடைசியில் 2019 மே மாதத்தோடு அந்த எண்ணெயும் நின்றது. அரசாங்கத்துக்கே முட்டிய கதவு அது. என் ஐயாயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

நாமும் பட்டியலில் இருந்தவர்கள்தான்

"ஈரான் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். 1980-களில் இந்தியா கேட்ட சக்திவாய்ந்த க்ரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தது. அதனால் 1988-ல் புனேயில் பிறந்ததுதான் சி-டாக். விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' வந்தது. பிறகு 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. நம் மேல் தடை விழுந்தது. நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உட்பட எத்தனையோ இந்திய நிறுவனங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. 2001 செப்டம்பரில் பெரும்பாலான தடைகள் நீங்கின. இஸ்ரோ அமைப்புகள் அந்தப் பட்டியலில் இருந்து விடுபட 2011 ஜனவரி ஆனது.

அக்காவின் லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸ் யார் கொடுத்தது என்று சொன்னேன்? அதே சி-டாக். "உனக்குக் கிடையாது" என்று ஒருகாலத்தில் சொன்னதால் பிறந்த நிறுவனத்தின் மென்பொருளில்தான் நான் முதல் வரி கோடு எழுதினேன்.

எங்கள் ஊர் வடுகநாதர் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டைகளோடு வந்த வியாபாரி ஒருவன் ராத்திரி இங்கே தங்கினான். முடியாத கிழவர் ஒருவர் கொஞ்சம் மிளகு கேட்டார். கொடுக்க மனசில்லாமல் "இது மிளகு இல்லை, பாசிப்பயறு" என்றான். பிறகு மூட்டையைப் பிரித்தால் உள்ளே இருந்தது பாசிப்பயறு! பைரவரிடம் அழுது வேண்டிய பிறகுதான் மறுபடி மிளகானது.

சின்ன வயசில் இது பொய் சொல்லாதே என்கிற கதை. இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. மூட்டைக்கு மேல் என்ன பெயர் சொல்கிறார்களோ, உள்ளே இருப்பது அதுவாகவே மாறிவிடுகிறது. எங்கள் நண்பர் ஒரு மாணவர், எழுத்து உடைந்தால் தாங்காதவர். படிவத்தில் அவர் 'ஈரான்'. அவ்வளவுதான். பாசிப்பயறு!

எதிர்ப்பக்கமும் உண்டு

நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா? தடையே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. துணி பேட்டர்ன் வரைய 'வாலன்டினா' என்றொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உண்டு. அதை எழுதியவர் உக்ரைன்காரர். குண்டு விழுகிற ஊர்க்காரரிடம் போய் "தடை தப்புங்க" என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

2024 அக்டோபரில் லினக்ஸ் கர்னலிலேயே அது நடந்தது. பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புள்ள ஏறத்தாழ ஒரு டஜன் பெயர்களை கிரெக் குரோவா-ஹார்ட்மன் நீக்கினார். சட்டத் தேவைகள் என்பதுதான் காரணம். உரிய ஆவணம் தந்தால் திரும்பி வரலாம் என்றும் சொல்லப்பட்டது. கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஃபின்லாந்துக்காரன் என்பதை நினைவுபடுத்தி, முடிவை மாற்றப்போவதில்லை என்றார். தடைப் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கே இது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

அவர்கள் எழுதிய கோடு அப்படியே இருக்கிறது. இன்றும் ஓடுகிறது. போனது பெயர் மட்டும்தான். எனக்கு அதில் உறுத்தியது தடைகூட இல்லை. வருஷக்கணக்காகக் கூடவே உட்கார்ந்து தைத்த ஆளை நிறுத்தும்போது, முதலிலேயே முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நண்பருக்குப் பூட்டு வெளியிலிருந்து மட்டும் இல்லை. 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி மரணத்தை ஒட்டி ஈரானில் போராட்டம் வெடித்தபோது, அவர்கள் அரசே இன்டர்நெட்டை முடக்கியது. அந்த மாதம் 23-ம் தேதி அமெரிக்கா தகவல் தொடர்பு மென்பொருள்களுக்கான விதியைத் தளர்த்தியது. வெளிப்பூட்டு கொஞ்சம் திறந்த நேரத்தில் உள்பூட்டு விழுந்துவிட்டது. பல வாரம் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. ஹார்ஃப்பஸ் எழுதிய பெஹ்தாத்தே 2020 ஜனவரியில் ஊருக்குப் போனபோது ஈரான் பாதுகாப்புப் படையால் பிடிக்கப்பட்டுத் தனிமைச் சிறையில் இருந்தவர். ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் நடுவில் இருப்பவன் எங்கே போவான்?

அப்பா கேட்ட கேள்வி

2025 ஜூலையில் குஜராத்தின் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மெயில், மென்பொருள் சேவைகளை மைக்ரோசாஃப்ட் திடீரென்று நிறுத்தியது. நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு இருந்ததால் ஐரோப்பிய யூனியன் அதன் மேல் தடை போட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய சேவை! டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது.

அதற்கு அடுத்த மாதம் நம் முறை. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று கூடுதலாக 25 சதவீதம் சேர்த்து, ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. இது தடை இல்லை, வரிதான். ஆனால் திருப்பூரில் ஆர்டர் நின்றபோது அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அப்பா கேட்டார்: "ஏஞ் சாமி, எண்ணெய வாங்குனது ஆரு? நாம துணிதானே வெட்டறோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அதே கேள்வியை எங்கள் ஈரான் நண்பர் என்னிடம் கேட்டிருக்கலாம். மூன்று வருஷத்தில் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

உலக அரசியலை நாம் மாற்ற முடியாது. ஆனால் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் புராஜெக்டை ஒரே தளத்தில் மட்டும் வைக்காதீர்கள். 'கிட்' முறையில் நகல் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு தளத்தில் ஒன்று. வெளிநாட்டு நண்பர் வேலை செய்வதற்கு முன்பே, பணம் தர வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். என்னை மாதிரிப் பிறகு முழிக்காதீர்கள். குறுக்கு வழி வேண்டாம். மாட்டினால் உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம். முக்கியமாக, வேலை செய்தவர் பெயரைப் போடுங்கள். அதற்கு எந்த வங்கியின் அனுமதியும் தேவை இல்லை.

அப்பாவிடம் ஒருநாள் முழுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குடுக்க முடியலீன்னா எழுதி வெய்யி. எழுதி வெச்ச கடன் அழியாது" என்றார். அன்றைக்கே எங்கள் மென்பொருளின் பெயர்ப் பட்டியலில், அவர் பெயருக்கு நேராக ஒரு வரி சேர்த்தேன்: பாக்கி 60 டாலர்.

2025 ஜூனில் பன்னிரண்டு நாள் போர் நடந்தபோது அவர் மறுபடி காணாமல் போனார். ஜூலை நடுவில் வந்தார். முதல் வேலையாகப் புது வரியைப் பார்த்திருக்கிறார். "60 டாலர் புரிகிறது. அதற்கு முன்னால் இருக்கும் தமிழ் வார்த்தை என்ன?" என்று கேட்டார்.

"பாக்கி" என்று ஒலிபெயர்த்து அனுப்பினேன். கொடுக்க வேண்டிய மிச்சம் என்று விளக்கமும் எழுதினேன்.

வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்தன. "விளக்கம் வேண்டாம் நண்பா. எங்கள் மொழியிலும் அது பாக்கிதான்!"

அப்புறம் இன்னொன்றும் கேட்டார். பணம் வாங்கினால் கொடுக்கும் சீட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? "ரசீது" என்றேன். அவர்கள் ஊரிலும் அது ரசீதுதானாம். "ஒருநாள் உனக்கு ஒன்று எழுதித் தருகிறேன்" என்று முடித்திருந்தார்.

அந்த ரசீதுக்காகத்தான் காத்திருக்கிறேன்.